பயன்படுத்த முடியுமா என்பதையும் பொருளின் மேல் அச்சிட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடித் தள்ளுபடி விளம்பரங்கள் தங்கள் நாளிதழின் பக்கங்களை நிறைத்துக்கொண்டிருக்கும் இந்த வாரத்தில், குளிர்சாதனப் பெட்டிகளின் படங்களுக்கு அருகே அச்சிடப்பட்டிருக்கும் நட்சத்திரங்களைப் பார்த்தபோது, பல மாதங்களாக மனத்தில் கிடந்த ஒன்றை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. ஒரு பொருள் எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்பதைக் காசு கொடுப்பதற்கு முன்பே நமக்குச் சொல்லிவிடுகிறார்கள். அதே பொருளைப் பார்வை இல்லாத ஒருவரால் இயக்க முடியுமா, கையில் வலு இல்லாத ஒருவரால் திறக்க முடியுமா, வேலை முடிந்துவிட்டது என்பது காது கேளாத ஒருவருக்கு எப்படித் தெரியவரும் என்பவற்றை மட்டும் யாரும் சொல்வதில்லை. இவற்றைச் சொல்லும் ஓர் அணுகல் மதிப்பீடு, விலையையும் காலாவதி தேதியையும் போல, அன்றாடப் பொருட்களின் மேல் இடம்பெற வேண்டும் என்பதே இக்கடிதத்தின் கோரிக்கை.

நாங்கள் அயனாவரத்தில் வசிக்கிறோம். என் கணவருக்கு வயது 68. கண் நீர் அழுத்த நோயால் ஆறு ஆண்டுகளுக்கு முன்பு பார்வையை இழந்தார்; அறையில் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் இப்போது அவருக்குத் தெரிகிறது. எனக்கு 63 வயது. கண் நன்றாகத் தெரியும். ஆனால் முடக்குவாதத்தால் விரல் மூட்டுகள் வீங்கி, காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்திற்குக் கையை மடக்க முடியாது. மற்ற நேரங்களிலும் எதையும் இறுக்கிப் பிடித்துத் திருக முடியாது. எனவே எங்கள் வீட்டில் வேலைப் பங்கீடு தானாகவே அமைந்துவிட்டது. எழுதியிருப்பதை நான் படிப்பேன், மூடியை அவர் திறப்பார். இருவரும் வீட்டில் இருக்கும் வரை பெரும்பாலும் சமாளித்துவிடுகிறோம்.

எங்கள் திருமணமான நாளிலிருந்து காலை ஐந்து மணிக்கு எழுந்து டிகாக்‌ஷன் இறக்கிக் காபி போடுவது அவர் வேலை. பார்வை போன பிறகும் அதை அவர் விடவில்லை. எரிவாயு அடுப்பின் திருகியை எவ்வளவு திருப்பினால் தீ எவ்வளவு எரியும் என்பது அவர் கைக்குத் தெரியும், பால் பொங்கி வரும் ஓசை காதுக்குத் தெரியும். ஆனால் கண் தெரியாத அப்பா நெருப்பின் அருகே நிற்பது எங்கள் மகளுக்குப் பெரும் கவலையாக இருந்தது. அந்தக் கவலையில் நியாயமும் இருக்கிறது. சென்ற ஆண்டு அவள் புரசைவாக்கத்தில் ஒரு கடையில் இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்றை வாங்கி வந்தாள். அவருடைய பாதுகாப்பிற்காகவே வாங்கப்பட்ட அந்த அடுப்பை அவரால் ஒரு நாள்கூடத் தனியாகப் பயன்படுத்த முடியவில்லை.

காரணம் மிக எளியது. அந்த அடுப்பின் முகப்பு முழுவதும் வழவழப்பான ஒரே கண்ணாடிப் பலகை. பொத்தான்கள் அதன் மேல் வெறும் படங்களாக அச்சிடப்பட்டிருந்தன. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. எதைத் தொட்டாலும் ஒரே மாதிரி 'பீப்' ஒலி. சூட்டைக் கூட்டினாரா, குறைத்தாரா, அடுப்பை அணைத்தேவிட்டாரா என்பது அவருக்குத் தெரியவில்லை. நான் என்னுடைய ஸ்டிக்கர் பொட்டுகளை எடுத்து ஒவ்வொரு பொத்தானின் மேலும் ஒன்றாக ஒட்டினேன். அப்போதுதான் அந்தப் பலகையின் உண்மையான சிக்கல் எனக்கு விளங்கியது. பழைய பொத்தானை விரலால் தடவித் தேடிக் கண்டுபிடித்து, அதன் பிறகு அழுத்தலாம். தொடுபலகையிலோ தடவுவதும் அழுத்துவதும் ஒன்றுதான். அணைக்கும் பொத்தானைத் தேடிப் போகும் விரல், வழியில் இருக்கும் இரண்டு பொத்தான்களை இயக்கிவிட்டுத்தான் அங்கே போய்ச் சேர்கிறது. பிறகு பொட்டுகளைப் பொத்தான்களுக்குச் சற்றுக் கீழே, எதுவும் இயங்காத இடத்தில் ஒட்டிப் பார்த்தேன். அது ஓரளவு உதவியது. ஆனால் அடுப்பைத் தினமும் ஈரத்துணியால் துடைக்க வேண்டியிருக்கிறது அல்லவா? மூன்று வாரங்களில் பொட்டுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்துவிட்டன. “ஒரு காபி போடுறதுக்குக்கூட உன்னை எழுப்பணுமா?” என்று அவர் ஒரு நாள் காலையில் கேட்டார். அதில் கோபம் எதுவும் இல்லை. அதன் பிறகு சில வாரங்கள் அவர் ஐந்து மணிக்கு எழுவதையே விட்டுவிட்டார்.

அடுப்பை மாற்றித் தரக் கடையில் மறுத்துவிட்டார்கள். பொருளில் பழுது ஏதும் இல்லையே என்றார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான், பழுது இல்லை. எரிவாயு அடுப்பில் இருப்பது போன்ற திருகி வைத்த மின் அடுப்பு வேறு எங்காவது கிடைக்குமா என்று நாங்கள் இருவரும் ஆட்டோ பிடித்து நான்கு கடைகள் ஏறி இறங்கினோம். ஒரு கடையில் விற்பனைப் பையன் என் கணவரைக் காட்டி, “சாருக்கு எதுக்கு மேடம்? நீங்கதானே யூஸ் பண்ணப் போறீங்க?” என்று என்னிடம் கேட்டான். நல்ல பிள்ளைதான், மரியாதையாகவே பேசினான். ஆனால் அந்த அட்டைப்பெட்டிகளில் அவனுக்கு விடை சொல்லத் தெரிந்த எல்லாம் அச்சிடப்பட்டிருந்தன: எத்தனை வாட், எத்தனை ஆண்டு உத்தரவாதம், எந்தப் பாத்திரம் பொருந்தும். பொத்தான்கள் கைக்குத் தட்டுப்படுமா என்ற என் கேள்விக்கு மட்டும் ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது. ஐந்தாவது பெட்டியைப் பிரிக்கச் சொல்ல எனக்கே கூச்சமாகப் போய்விட்டது. அந்தக் கூச்சத்தோடு எத்தனை பேர் எதையும் கேட்காமல் வீடு திரும்பியிருப்பார்கள் என்று அன்று இரவு நினைத்துக்கொண்டேன். கடைசியில் திருகி வைத்த அடுப்பு கிடைத்தது. மகள் வாங்கியதைவிட விலை குறைவு.

என் கையின் கதையும் இதற்குக் குறைந்ததல்ல. அவர் தாம்பரத்தில் உள்ள தம்பி வீட்டிற்குச் சென்றிருந்த ஒரு நாள், எனக்குக் கடுமையான இருமல். குழந்தைகள் திறந்துவிடக் கூடாது என்பதற்காக அழுத்திக்கொண்டே திருகும்படி செய்யப்பட்ட மூடி அந்த மருந்துப் புட்டிக்கு. அழுத்தினால் திருக முடியவில்லை, திருகினால் அழுத்த முடியவில்லை. கதவிடுக்கில் வைத்துப் பார்த்தேன், ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு பார்த்தேன், வெந்நீரில் நனைத்தும் பார்த்தேன். இறுதியில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளை பள்ளி விட்டு வரும் வரை காத்திருந்து, அவனிடம் கொடுத்துத் திறந்துகொண்டேன். அப்படிப்பட்ட மூடி கூடாது என்று நான் சொல்லவில்லை. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அது உயிர் காக்கும். ஆனால் அந்தப் புட்டிக்கு எப்படிப்பட்ட மூடி இருக்கிறது என்பது வாங்கும்போதே எனக்குத் தெரிந்திருந்தால், மருந்துக் கடையிலேயே திறந்து தரச் சொல்லிக் கேட்டிருப்பேன், அல்லது அதே மருந்தை மாத்திரையாகத் தர முடியுமா என்று மருத்துவரிடம் கேட்டிருப்பேன்.

பால் பாக்கெட்டைப் பாருங்கள். நீலம், பச்சை, ஆரஞ்சு என்று நிறத்தைச் சொல்லித்தான் சென்னையில் பால் வாங்குகிறோம். காபிக்கு ஒன்று, உறை ஊற்றுவதற்குக் கொழுப்பு மிகுந்த ஒன்று என்று எங்கள் வீட்டுக் கதவில் தொங்கும் பையில் விழும் இரண்டும் என் கணவரின் கைக்கு ஒரே பால்தான். பாக்கெட்டின் ஓரத்தில் ஒட்டு விழும் இடத்தில் ஒன்றிற்கு ஒரு கோடு, மற்றதற்கு இரண்டு கோடுகள் புடைப்பாக விழும்படி செய்திருந்தால் போதும். மாத்திரை அட்டைகளும் அப்படியே. இரத்த அழுத்த மாத்திரைக்கு ஒரு ரப்பர் வளையம், சர்க்கரை மாத்திரைக்கு இரண்டு வளையம் என்று நான் போட்டு வைக்கிறேன். எங்கள் வீட்டுக்கு இது போதும். பார்வையுள்ளவர் யாருமே இல்லாத வீட்டில் இந்த வளையங்களை யார் போடுவார்கள்?

இவையெல்லாம் எங்கள் இருவரின் தனிப்பட்ட சங்கடம் அல்ல. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 2.68 கோடிப் பேர். தமிழ்நாட்டில் மட்டும் 11.79 லட்சம். அந்தக் கணக்கெடுப்பு எட்டு வகைகளை மட்டுமே கணக்கில் கொண்டது, பின்னர் வந்த சட்டமோ 21 வகைக் குறைபாடுகளை ஏற்றிருக்கிறது. அது மட்டுமல்ல, 2011இல் என் கணவர் கண்ணாடி அணியாமலே தங்கள் நாளிதழைப் படித்துக்கொண்டிருந்தார், நான் இரண்டு கைகளாலும் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அந்த 11.79 லட்சத்தில் நாங்கள் இருவருமே இல்லை. அதன் பிறகு எங்களைப் போல வந்து சேர்ந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதை ஒவ்வொருவரும் தத்தம் தெருவில் எண்ணிப் பார்த்தாலே தெரியும்.

சட்டம் இதைப் பற்றிப் பேசாமல் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் 43ஆவது பிரிவு நுகர்பொருட்களுக்காகவே எழுதப்பட்டது. எல்லோரும் பயன்படுத்தத்தக்க பொது வடிவமைப்பில் பொருட்களை உருவாக்குவதையும் உற்பத்தி செய்வதையும் விநியோகிப்பதையும் ஊக்குவிப்பதற்கான நடவடிக்கைகளை அரசு எடுக்க வேண்டும் என்று அது கூறுகிறது. ஆனால் ஊக்குவித்தல் என்ற சொல்லுக்குள் எதை வேண்டுமானாலும் அடக்கலாம், எதையும் செய்யாமலும் இருக்கலாம். 2024 நவம்பர் 8 அன்று பார்வைக் குறைபாடு உடைய ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த மனப்போக்கைத்தான் தொட்டது. அணுகல் தொடர்பான விதிகள் வெறும் வழிகாட்டுதல்களாக நின்றுவிடக் கூடாது, கட்டாயமானவையாக இருக்க வேண்டும் என்று கூறி, அச்சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட 2017ஆம் ஆண்டு விதிகளில் 15ஆவது விதி சட்டத்திற்கு முரணானது என அறிவித்த நீதிமன்றம், மூன்று மாதங்களுக்குள் கட்டாய விதிகளை வகுக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. கட்டடங்களைப் பற்றியும் பேருந்துகளைப் பற்றியும் அதன் பின் பேச்சு நடக்கிறது, அது நல்லதே. அடுக்களையில் இருக்கும் பொருட்களைப் பற்றி யாரும் பேசக் காணோம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பொருளின் தரம், அளவு, ஆற்றல், தூய்மை, விலை ஆகியவற்றை அறிந்துகொள்ளும் உரிமையை நுகர்வோருக்கு அளித்திருக்கிறது. நாம் வாங்கும் பொருளை நம்மால் இயக்க முடியுமா என்பது இவற்றில் எதையும்விடக் குறைந்த தகவல் அல்ல.

இங்கே ஒன்றைக் கவனமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நல்ல நோக்கத்தோடு செய்யப்படும் மதிப்பீடும் தவறாகப் போய்விடக்கூடும். குளிர்சாதனப் பெட்டிக்குத் தருவது போல ஒரு பொருளுக்கு மொத்தமாக நான்கு நட்சத்திரம், ஐந்து நட்சத்திரம் என்று தந்துவிட்டால் அதனால் எங்களுக்குப் பயன் இல்லை. எங்கள் வீடே இதற்குச் சான்று. அந்தக் கண்ணாடிப் பலகை அடுப்பு எனக்கு மிக வசதியானது. விரல் நுனி பட்டால் போதும், திருக வேண்டியதில்லை. இப்போது வாங்கியிருக்கும் திருகி வைத்த அடுப்பு அவருக்கு வசதி, எனக்குக் காலை வேளையில் கடினம். இரண்டிற்கும் சராசரி போட்டால் இரண்டும் மூன்று நட்சத்திரம் பெறும், அதைப் பார்த்து நாங்கள் எதை வாங்குவது? மின்சாரம் எல்லோருக்கும் ஒரே அலகில் அளக்கப்படுவது. அதனால் அதற்கு ஒரு கணக்கு போதும். உடலோ ஒருவருக்கு இருப்பது போல் இன்னொருவருக்கு இல்லை. ஆகவே பொருளுக்கு மதிப்பெண் இடுவதைவிட, அந்தப் பொருள் தன்னைப் பயன்படுத்துபவரிடம் எதை எதிர்பார்க்கிறது என்பதை வெளிப்படையாக எழுதுவதே சரியாக இருக்கும். பார்த்துத்தான் இயக்க முடியுமா, தடவியும் இயக்கலாமா. இரண்டு கைகளும் வேண்டுமா, ஒரு கை போதுமா. திறக்க எவ்வளவு விசை தேவை. எச்சரிக்கை ஒலியாக மட்டும் வருகிறதா, விளக்காகவும் அதிர்வாகவும் வருகிறதா. செய்முறை விளக்கம் படங்களோடும் எளிய சொற்களோடும் இருக்கிறதா. கண், கை, காது, புரிதல் என்று தனித்தனிக் கட்டங்கள் இருந்தால், ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய கட்டத்தை மட்டும் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம்.

இந்த மதிப்பீட்டையே பார்வையற்றவர் எப்படிப் படிப்பார் என்ற கேள்வி எழும். உணவுப் பொட்டலங்களில் கியூஆர் குறியீடு சேர்த்து, பார்வைக் குறைபாடு உடையவர்கள் கைப்பேசி வழியே தகவலைக் கேட்டு அறியும்படி செய்ய வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2023 அக்டோபரில் நிறுவனங்களுக்குப் பரிந்துரைத்தது. பாராட்ட வேண்டிய முயற்சி. ஆனால் என் கணவர் ஒரு பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் குறியீடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கைப்பேசியை நாலாபுறமும் சுழற்றுவதைப் பார்த்தவர்களுக்கு ஒன்று புரியும்: குறியீட்டைச் சுற்றி விரலுக்குத் தட்டுப்படும் ஒரு விளிம்பு இல்லாவிட்டால், அது இருந்தும் இல்லாதது போலத்தான். அதோடு, கைப்பேசியும் இணையமும் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். பெட்டியின் ஒரே மூலையில், எல்லாப் பொருளுக்கும் ஒரே இடத்தில், புடைப்பான சிறு குறிகளாக இந்த மதிப்பீடு இருக்க வேண்டும். குறியீடு அதற்குத் துணையாக இருக்கலாம்.

இவை நடக்காத காரியங்கள் அல்ல. தலைக்குக் குளிக்கும்போது கண்ணை மூடிக்கொள்ளும் எல்லோரும் அந்த நேரத்திற்குப் பார்வையற்றவர்களே. ஜப்பானில் காவோ நிறுவனம் 1991ஆம் ஆண்டிலேயே ஷாம்பு புட்டியின் பக்கவாட்டில் ரம்பப்பல் போன்ற வரிகளைச் சேர்த்து, கண்டிஷனர் புட்டியை வழவழப்பாக விட்டது. மற்ற நிறுவனங்களும் பின்பற்ற அதற்கு வழிவிட்டது. அந்நாட்டில் அட்டைப்பெட்டிப் பாலின் உச்சியில் அரைவட்டமாக ஒரு சிறு வெட்டு இருக்கும். மற்ற பானங்களிலிருந்து பாலைப் பிரித்தறிய அது உதவுகிறது, எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதையும் காட்டிவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2004ஆம் ஆண்டின் நெறிமுறையின் மூலம் மருந்துப் பெட்டிகளின் மேல் மருந்தின் பெயரைப் பிரெயிலில் பொறிக்கச் செய்தது. அங்கே அபாயகரமான துப்புரவு திரவங்களின் புட்டியில் விரலுக்குத் தட்டுப்படும் முக்கோணக் குறி உண்டு. பழைய தண்ணீர்ப் புட்டிகளில் ஃபினாயில் ஊற்றி விற்கப்படும் நம் ஊரில் அந்த முக்கோணத்தின் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

நம் நாட்டிலேயே முன்மாதிரிகள் இருக்கின்றன. ரூபாய்த் தாள்களில் 100க்கு முக்கோணம், 500க்கு வட்டம் என்று புடைப்பாக அச்சிடப்படுகின்றன. ஓரங்களில் சாய்ந்த கோடுகளும் உண்டு. 2019இல் வெளியிடப்பட்ட புதிய நாணய வரிசையில் 20 ரூபாய்க்குப் பன்னிரண்டு பக்கங்கள். உணவுப் பொட்டலங்களில் சைவத்திற்குப் பச்சை வட்டம், அசைவத்திற்குப் பழுப்பு வட்டம் என்று இருந்ததை 2020ஆம் ஆண்டு விதிமுறைகள் மாற்றி, அசைவத்திற்குப் பழுப்பு முக்கோணம் ஆக்கின. பச்சைக்கும் பழுப்புக்கும் வேறுபாடு தெரியாத நிறக்குறைபாடு உடையவருக்கு இரண்டு வட்டங்களும் ஒன்றுதான், வட்டமும் முக்கோணமும் அப்படியல்ல. ஒரே ஒரு வடிவ மாற்றத்தில் எத்தனையோ பேரின் ஐயம் தீர்ந்தது. அந்த மாற்றத்திற்காக எந்த நிறுவனமும் நொடித்துப் போகவில்லை.

திறப்பதன் எளிமையை அளக்கவும் வழிமுறை இருக்கிறது. 2015ஆம் ஆண்டு வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 17480 என்ற பன்னாட்டுத் தரம், பொட்டலத்தைத் திறப்பது எவ்வளவு எளிது என்பதைக் கருவி கொண்டும், கருவி இல்லாமல் ஆட்களைக் கொண்டும் மதிப்பிடும் முறைகளைத் தந்திருக்கிறது. ஆட்களைக் கொண்டு என்ற இடத்தை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் பொருள் எல்லோருக்கும் ஏற்றது என்று உற்பத்தியாளரே எழுதிக்கொள்வது மதிப்பீடு ஆகாது. சென்னையில் இதற்கான எல்லா வசதியும் இருக்கிறது. தரமணியில் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் தென்மண்டல அலுவலகம் இருக்கிறது. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனமும், பூந்தமல்லியில் பார்வைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும், மாற்றுத்திறனாளிகளுக்கான கருவிகளை வடிவமைக்கும் ஆய்வு மையத்தைக் கொண்ட ஐ.ஐ.டி.யும் இந்நகரிலும் அதன் விளிம்பிலும் உள்ளன. மாற்றுத்திறனாளிகளே பொருட்களைக் கையில் எடுத்துச் சோதித்து முடிவு சொல்ல வேண்டும், அதற்கு அவர்களுக்கு முறையான ஊதியம் தர வேண்டும். கருத்துக் கேட்டுவிட்டுத் தேநீர் கொடுத்து அனுப்பும் வேலையாக அது இருக்கக் கூடாது.

மத்திய அரசு விதி வகுக்கும் வரை மாநில அரசு கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவில் மூட்டுவாத நோயாளிகளுக்கான அமைப்பு ஒன்று பொட்டலங்களுக்கு அணுகல் மதிப்பெண் இடும் முறையை உருவாக்கியது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் மருத்துவமனைகளுக்கு உணவுப் பொட்டலங்கள் வாங்கும்போது அந்த மதிப்பெண்ணையும் கணக்கில் எடுத்தார்கள். கட்டிலில் கிடக்கும் நோயாளி தன் தட்டில் இருக்கும் பொட்டலத்தைத் திறக்க முடியாமல் பசியோடு இருக்கிறார் என்பதை உணர்ந்தே அதைச் செய்தார்கள். நம் மாநிலத்தில் அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை மொத்தமாக வாங்குவது 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அதன் ஒப்பந்தப்புள்ளி நிபந்தனைகளில், மாத்திரை அட்டையின் ஒவ்வொரு துண்டிலும் மருந்தின் பெயரும் காலாவதி தேதியும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும், பெட்டியில் பிரெயில் இருக்க வேண்டும், மூடி எவ்வளவு விசையில் திறக்கும் என்பது குறிக்கப்பட வேண்டும் என்று மூன்று வரிகள் சேர்த்தால், அரசுக்கு விற்க விரும்பும் நிறுவனங்கள் மாறியே ஆக வேண்டும். மாற்றுத்திறனாளிகள் என்ற சொல்லையே அரசு வழக்கிற்குக் கொண்டுவந்து, 2010இல் அவர்களுக்கெனத் தனித் துறையும் கண்ட மாநிலம் இது. அந்தத் துறை இதை முன்னெடுக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

செலவு கூடும் என்பார்கள். அச்சு வார்ப்பில் ஒரு கோடு சேர்ப்பதற்கு ஒருமுறைதான் செலவு. எனினும் அப்பளமும் ஊறுகாயும் செய்து விற்கும் மகளிர் குழுக்களின் மேல் முதல் நாளே இந்தச் சுமையை ஏற்றக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். முதலில் மருந்துகளுக்கும், அடுப்பு, சலவை இயந்திரம், மிக்சி போன்ற மின்சாதனங்களுக்கும், தவறாக எடுத்தால் ஆபத்து விளைவிக்கும் துப்புரவுப் பொருட்களுக்கும் கட்டாயமாக்கலாம். இணையத்தில் விற்பவர்கள் விலை வாரியாக, நிறம் வாரியாகப் பொருட்களைப் பிரித்துக் காட்டுவது போல, தடவி இயக்கக்கூடியது, ஒரு கையால் திறக்கக்கூடியது என்றும் பிரித்துக் காட்ட வேண்டும். எண்மத் (டிஜிட்டல்) தளங்களின் அணுகல் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்த பிறகு, அவர்களுக்கு இதில் தயங்க இடம் இல்லை.

இறுதியாகத் தங்களிடமே ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமைகளில் புதிய வீட்டுச் சாதனங்களை ஒப்பிட்டுத் தங்கள் நாளிதழில் வரும் கட்டுரைகளை நாங்கள் தவறாமல் படிக்கிறோம். அதாவது நான் உரக்கப் படிக்க, அவர் கேட்பார். விலை, கொள்ளளவு, மின்செலவு என்று வரும் அட்டவணையில் இன்னும் இரண்டு வரிகள் சேர்க்க இயலுமா? பொத்தான்கள் விரலுக்குத் தட்டுப்படுமா என்பது ஒன்று, ஒரு கையால் கையாள முடியுமா என்பது மற்றொன்று. அரசாணை எதற்கும் காத்திராமல் அடுத்த ஞாயிறன்றே இதைத் தொடங்கலாம். என் விரல்கள் ஒத்துழைக்காததால், நான் சொல்லச் சொல்ல இக்கடிதத்தை, திரையில் இருப்பதை உரக்கப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் துணையோடு கணினியில் தட்டச்சு செய்தவர் என் கணவர். மின்விசிறி வாங்கப் போகிறோம், அதையும் சேர்த்து எழுதச் சொல் என்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
அயனாவரம், சென்னை.